நம்பர் போடாத ஸ்டிக்கர்

வெள்ளவத்தைச் சந்தையடியில் ஏறிய த்ரீவீலில், சாரதியின் ஆசனத்துக்குப் பின்பக்கம் தன் கணவனுக்காக ஒட்டிய ஸ்டிக்கரைக் கண்டதும், அந்தக் கவலைக்குள்ளும் பைறோஸாவுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. 'சிறுநீரகம் தேவை. ஓ குறூப். ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்.' அதற்குக் கீழே கியூ.ஆர். கோட், புள்ளி புள்ளியான கறுப்புச் சதுரம். சும்மாதான் ஃபோனை எடுத்து நேரே பிடித்தாள். கணவன் புவாதின் படமும், கொடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் விபரத்தை எழுதும் பக்கமும் வரவேண்டும். வந்ததோ வெறும் வெள்ளைத் திரை, நடுவில் இங்கிலீஷில் ஒற்றை வரி. அவளுக்கு விளங்கிய அளவில், எதையோ மூடிவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனை வீட்டில் மகள் நிம்றா அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத் தன் ஃபோனில் பழைய மெயில்களைத் தேடினாள்.

"உம்மா, நீட்டு லிங்க்க சின்னதாக்கித் தார கம்பெனி ஒண்டுல தானே அந்தச் சதுரத்த செஞ்ச. அந்தக் கம்பெனிய மூடிட்டாங்க. நம்மட பேஜ் அப்பிடியே ஈக்கி. அங்க போற வழிதான் இல்ல."

"எப்ப மூடின?"

"போன மாசம். மெயில் அனுப்பீக்காங்க. நான்தான் பாக்கல்ல உம்மா."

போன மாசம்!  விடியற்காலை சுபஹு தொழுத கையோடு பைறோஸா தினமும் மகளிடம் கேட்பாள், யாராவது எழுதினார்களா என்று. இல்லை என்றதும் கொழும்பையே ஏசித் தீர்ப்பாள். இவ்வளவு பெரிய ஊரில் இரக்கமுள்ள ஒரு மனுசன் இல்லையா, எல்லாரும் கல்நெஞ்சுக்காரர்களா என்று. கதவைப் பூட்டி வைத்துவிட்டு விருந்தாளி வரவில்லை என்று சண்டை பிடித்திருக்கிறாள்! அவளுடைய இரத்தம் பொருந்தவில்லை, நிம்றாவுடையதும் பொருந்தவில்லை. புவாதின் தம்பி இப்ஹாமுக்குச் சீனி வருத்தம், நீரிழிவுக்காரனிடம் எடுக்க மாட்டார்கள். இரத்தம் சுத்திகரிக்க ஊசி போடுவதற்கு இனி நரம்பு தேடுவதே கஷ்டம், சீக்கிரம் ஆள் பாருங்கள் என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

ஸ்டிக்கரில் ஒரு நம்பரைப் போட்டிருந்தால் போதும். போடவில்லை. முதலில் பத்திரிகையில் போட்ட விளம்பரத்தில் அவளுடைய நம்பர் இருந்தது. தரகர்கள் கூப்பிட்டார்கள், வேலையற்றவர்கள் கூப்பிட்டார்கள். ஒருத்தன் நிம்றாவின் வயதைக் கேட்டான். பக்கத்தில் படுத்திருந்த புவாத் ஃபோனைப் பறித்தான். திட்டக்கூட மூச்சு வரவில்லை.

"இனி நம்பர் போட வாணாம். வீட்டுல கொமர்ப்பொண்ணு ஈக்கி. நான் மௌத்தாகிப் போனாலும் பரவாயில்ல."

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நம்பரை ஒட்டுவதா? மானத்தைக் காப்பாற்றியாகிவிட்டது. நாசமாய்ப் போன மானம்!

புது ஸ்டிக்கர் அடித்து வரும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஒரு மார்க்கர் பேனையோடு கொட்டாஞ்சேனைத் த்ரீவீல் தரிப்பிடத்துக்குப் போய், நின்ற வண்டிகளிலெல்லாம் ஏறிக் குனிந்து சதுரத்தின் பக்கத்தில் நம்பரை எழுதினாள். முதன்முதலில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிய சாரதி றேமண்ட் அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"அக்கா, அண்ணனுக்கு ஒப்பரேஷன் முடிஞ்சிட்டா?"

"என்ன ஒப்பரேஷன்?"

"கிட்னி கிடைச்சிட்டு தானே?"

"யார் சொன்ன?"

றேமண்டின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "இல்லக்கா... போன கிழம ஒரு பொம்பள ஏறினா. ரெண்டு மூணு தரம் இத ஃபோன்ல பிடிச்சுப் பாத்தா. திறக்கல்ல. 'நானும் ஓ குறூப்தான், குடுக்கோணும்னு கனநாளா யோசிச்சிட்டிருந்தனான், இன்டைக்குத்தான் மனசு துணிஞ்சது, இது ஏன் திறக்குதில்ல'ன்னு கேட்டா. ஆள் கிடைச்சிருக்கும், அதான் மூடிட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். அவ்வளவு சந்தோஷப்பட்டா அக்கா. நெத்தியில திருநீறு பூசின பொம்பள. முருகான்னு கும்பிட்டா."

"பேர்?"

"கேக்கல்லயே."

"எங்க எறக்கின?"

"கொள்ளுப்பிட்டில. வேலைக்குப் போற டைம். கோல் றோட்டு ஓரத்துல நிப்பாட்டச் சொல்லி, எறங்கி நடந்து போயிட்டா." அவன் தலையில் கை வைத்தான். "ஐயோ, தெரியாமச் சொல்லிட்டேன் அக்கா."

அவனை ஏசப் பைறோஸாவுக்கு நேரமில்லை. அந்தப் பெண் இருந்த அதே ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அங்கயே கொண்டு போங்க தம்பி."

கொள்ளுப்பிட்டியில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. எத்தனை பெண்கள்! திருநீறு பூசியவர்கள், பொட்டு வைத்தவர்கள், பர்தா அணிந்தவர்கள், காதில் வயரை மாட்டிக்கொண்டு யாரையும் பாராமல் நடப்பவர்கள். முதலில் ஒருத்தியின் முழங்கையைத் தொட்டு, "நீங்க ஓ குறூப்பா?" என்று கேட்டாள். அவள் கைப்பையை இறுக்கிக்கொண்டு விலகினாள். அடுத்தவளும் விலகினாள். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் பிற ஆண்கள் வந்தால் குரலைத் தணித்துப் பேசுகிறவள் பைறோஸா. நடைபாதை நடுவில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கிட்னி இன்னும் கெடைக்கல்ல! கெடைக்கல்ல! என்ட நம்பர் சைபர் ஏழு ஏழு..."

சனம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. த்ரீவீலை எடுக்கச் சொல்லிப் பொலிஸ்காரன் விசில் ஊதினான். றேமண்ட் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு இலக்கத்தையும் சிங்களத்தில் திருப்பிக் கத்தினான்.