மோட்டார் கொட்டகைப் பொட்டலங்கள்

போஸ்ட்மேன் வேதசிரோமணியின் மகள் மெட்டில்டா அமெரிக்காவில் நர்ஸ். தொண்ணூற்றிரண்டில் முடிச்சூருக்கு வந்தாள். அங்கே இருக்கிற நம்மவர்கள் பதினோரு பேர் சேர்ந்து சங்கம் ஆரம்பித்திருக்கிறார்களாம். கிராமத்தில் பிள்ளை பெறுகிறவளும் சாகக் கூடாது, பிறக்கிறதும் சாகக் கூடாது, அதற்காம். நான் நம்பவில்லை. அந்தச் சமயம் ஊருக்குள் காரில் வந்தவன் எல்லாம் நிலத்தை எழுதி வாங்கத்தான் வந்தான்.

என் மகள் சரசுவுக்கு அப்போது ஏழு மாசம். வீட்டோடு மாப்பிள்ளை. மெட்டில்டா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். புது பிளேடு, நூல், சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு.

"ஆஸ்பத்திரிக்குப் போக முடியலன்னா இந்த பிளேடாலதான் தொப்புள்கொடி அறுக்கணும் பெரியப்பா. வேற எதுவும் படக் கூடாது."

"பொறக்காத புள்ளைக்கு எவனாவது சாமான் வாங்கி வூட்ல வெப்பானா? நீயும் இந்த ஊர்ல பொறந்தவதான? அமெரிக்கா போயி மறந்துட்டியா? எட்துகினு போ."

எடுத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி மழையில் தாம்பரம் ரோடு முழுகிக் கிடந்தபோது வலி வந்தது. மருத்துவச்சி அங்காளம்மாள் பிளேடு கேட்டாள். நான் சவரம் செய்கிற பிளேடைக் கொடுத்தேன். கழுவித்தான் கொடுத்தேன். ஆண் பிள்ளை. ஆறாம் நாள் பால் குடிக்க வாய் திறக்கவில்லை. ஏழாம் நாள் வில்லாக வளைந்து அடங்கிவிட்டது. தோஷம் என்றார்கள். நானும் அதையே சொன்னேன்.

அடுத்த வருஷக் கடைசியில் மெட்டில்டா மறுபடி வந்தாள். சரசு மறுபடி எட்டு மாசம். கர்ப்பிணி இருக்கிற வீடாகப் பார்த்து மெட்டில்டா கொடுத்த பொட்டலமெல்லாம் பிரிக்காமல் திரும்பி வந்திருந்தன.

"இந்த ஊருக்கு வேணாமாம்னு சங்கத்துக்கு எழுதப் போறேன் பெரியப்பா."

"வேணாம்னு எவ சொன்னா? வூட்ல வெக்கக் கூடாதுன்றாளுங்க, அவ்ளோதான். என் கெணத்து மோட்டார் கொட்டாய் சும்மாதான கீது? அங்க வை. வலி வந்தப்புறம் வந்து எட்துக்கட்டும். சாவி என் இடுப்புல இருக்கும். ஆனா எதுலயும் கைநாட்டு வெக்க மாட்டேன்."

"உங்க கட்டைவெரலு யாருக்கு வேணும்?" என்று சிரித்தாள். பிறகு, "போன வருஷம் அந்த விரட்டு விரட்டினீங்களே?" என்றாள்.

"போன வருஷம் கொடி அறுக்க என் சவர பிளேடைக் குடுத்தேன்."

மெட்டில்டா என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினால் கதவோரம் சரசு, கையில் காப்பி டம்ளருடன். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சோறு போடுவாள், போய்விடுவாள்.

தை பிறந்து பத்து நாள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வலி என்று மாப்பிள்ளை ஆட்டோவுக்கு ஓடியிருந்தான். அது வருகிற மாதிரி இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரசு கத்தினாள்.

"அப்பா, சாவி!"

இந்த வயசில் அப்படி ஓடியதில்லை. பொட்டலத்தை, அதற்குள் வந்துவிட்ட அங்காளம்மாள் கையிலேயே கொடுத்தேன். பெண் பிள்ளை.

ஏழு நாளும் கதவோரமே உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் விடிந்ததும் அது பால் குடிக்கிற சத்தம் கேட்டது. சரசு என்னிடம் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.