சச்சிதானந்தன் கண்டுபிடித்த நடிகை

சச்சிதானந்தனுக்கு நாடகம்தான் உயிர். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒக்ரோபரில், கனடாவில் ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தை எடுத்து, தானே எழுதி, தானே நெறிப்படுத்தி, அரசனாகத் தானே நடிக்கும் சரித்திர நாடகம் ஒன்றை மேடையேற்ற ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, அரசனின் தாயாக நடிக்கவிருந்த கிளடிஸ் அன்ரிக்குத் தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலையைப் போட்டுவிட்டார்கள்.

மூன்று கிழமைதான் மிச்சம். அவருடைய மனைவி மங்கையற்கரசி, றிச்மண்ட் ஹில் கோயிலில் பழக்கமான ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னாள். பெயர் கோதாவரிபாய். கன்னடக்காரி, மகளோடு இருக்கிறார். மெட்ராசில் இருபது வருடம் இருந்ததால் தமிழ் நன்றாக வரும். முன்பு கொஞ்சம் நடித்திருக்கிறாராம்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று மங்கையற்கரசி விசாரிக்கவில்லை. பள்ளிக்கூட நாடகமாகத்தான் இருக்கும் என்று சச்சிதானந்தன் தானே முடிவு கட்டிக்கொண்டார்.

ஒத்திகை அவர் வீட்டு பேஸ்மெண்டில் நடந்தது. கோதாவரிபாய் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். ரொறன்ரோவில் ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்த ஆளைச் சச்சிதானந்தன் அதுவரை கண்டதில்லையாதலால், பாவம், நேரத்தைப் பிழையாக விளங்கிவிட்டார் என்று நினைத்தார்.

முதலில் நடிப்பைப் பற்றி நாற்பது நிமிடம் விளக்கினார். அறுபத்தோராம் ஆண்டு கல்லூரி நாடகத்தில் தனக்கு மூன்றாம் பரிசு கிடைத்ததையும், நடுவர் தன் கையைப் பிடித்துக் குலுக்கியதையும் சொன்னார். கோதாவரிபாய் கை கட்டிக் கேட்டுவிட்டு, மேடைக்கு எத்தனை வாசல், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று மட்டும் விசாரித்தார். புதிதாக நடிக்க வருபவர்கள் இதற்கெல்லாம் மண்டையை உடைக்கத் தேவையில்லை என்று சச்சிதானந்தன் ஆறுதல் சொன்னார்.

"அன்ரி, நடக்கேக்கை கொஞ்சம் கூனி நடவுங்கோ. வயது போன ஆள் எண்டு சனத்துக்கு விளங்கவேணும்."

கோதாவரிபாய்க்கு அப்போது எழுபத்தெட்டு வயது.

"சரிங்க சார்" என்று சொல்லிக் கூனி நடந்தார்.

அழுவது எப்படி என்று சச்சிதானந்தன் அழுது காட்டினார். மேலே சமைத்துக்கொண்டிருந்த மங்கையற்கரசி என்னவோ ஏதோ என்று அகப்பையோடு இறங்கி ஓடி வந்தாள்.

இரண்டாம் கிழமை ஒரு சிக்கல் தெரிந்தது. அரசன் பேசும்போதும் மற்ற நடிகர்கள் தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாடகத்தின் சமநிலை கெடுகிறது என்று சொல்லிச் சச்சிதானந்தன் தாயின் வசனத்தில் ஆறு வரிகளை வெட்டினார். கோதாவரிபாய் முகம் சுளிக்கவில்லை. கடைசி வசனத்தை மட்டும் வெட்டாமல் விடும்படி கெஞ்சினார். சச்சிதானந்தன் பெருந்தன்மையோடு அதை விட்டுக் கொடுத்தார்.

நாடகத்தன்று பிரதம விருந்தினர் குல்கர்ணி என்ற பல் வைத்தியர். நாடக விழா மலரின் பின்னட்டை முழுவதும் விளம்பரம் தந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

மூன்றாம் காட்சியில் அரசன் நீண்ட சபதம் செய்யவேண்டும். சச்சிதானந்தன் வாளை உயர்த்தினார். வசனம் வரவில்லை. எடுத்துக் கொடுக்கவேண்டியவரும் திரைக்குப் பின்னால் வசனக் கொப்பியை மடியில் போட்டுவிட்டுக் கோதாவரிபாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உயர்த்திய வாள் உயர்த்தியபடியே நின்றது.

கோதாவரிபாய் மெல்ல அருகே வந்து அவர் கன்னத்தைத் தொட்டார். "மகனே, நாட்டைத் துறந்தாலும் நீதியைத் துறக்கமாட்டேன் என்றுதானே சொல்ல வந்தாய்? தாயின் முன்னே நா எழவில்லையா?"

"நாட்டைத் துறந்தாலும் நீதியைத் துறக்கமாட்டேன் தாயே" என்றார் அரசன். பிறகும் நின்றுவிட்டார். தாய் மறுபடி கேட்டார். இப்படியே சபதம் முழுவதையும் தாய் கேட்க, மகன் ஒப்புக்கொண்டு முடித்தான். சனம் மூக்கைச் சிந்தியது. கடைசி வசனத்தைக் கோதாவரிபாய் தன் முழுக் குரலில் சொன்னபோது, வெளியே நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

திரை விழுந்ததும் குல்கர்ணி கண்ணீரோடு மேடையில் ஏறினார். கும்பிட்டபடி வந்தவரைக் கண்டு சச்சிதானந்தன் ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார். குல்கர்ணி அந்தக் கைக்குக் கீழால் கடந்து போய்க் கோதாவரிபாயின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னார். பெண் வேடங்களை ஆண்களே போட்ட காலத்தில், பதின்மூன்று வயதில் கர்நாடகத்துக் கதக் என்ற ஊரில் மேடையேறியவர் இவர். ஒரு பெண்ணோடு நடிக்கமாட்டோம் என்று அன்று கம்பெனி ஆண்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கன்னடத்துப் பேசும் படங்களின் முதற்கால நாயகிகளில் ஒருவர். பின்னர் அறுபது பேருக்குச் சோறு போட்ட சொந்த நாடகக் கம்பெனி. ஹூப்ளியில் கதாநாயகன் குடித்துவிட்டுக் கிடந்தபோது, தானே மீசை ஒட்டிப் பதினொரு நாள் அரசனாக நடித்தாராம். அதைப் பார்க்கத் தன் தகப்பன் சைக்கிளை விற்றார் என்று குல்கர்ணி சொன்னார்.

ஒலிவாங்கி சச்சிதானந்தனிடம் வந்தது. "அவவைக் கண்ட உடனேயே நான் அறிஞ்சுகொண்டன்" என்றார். பலத்த கைதட்டல்.

ஆனால் ஒப்பனை அறையில் அவரால் பொறுக்க முடியவில்லை. அன்ரி அதற்குள் அம்மாவாகியிருந்தார்.

"ஏனம்மா முதலே சொல்லேல்லை?"

கோதாவரிபாய் தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லியிருந்தா மாலை போட்டு முன்வரிசையில உக்கார வெச்சிருப்பீங்க சார். பன்னண்டு வருஷமா எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. யாரும் வேஷம் குடுக்கல."

சச்சிதானந்தன் கிரீடத்தைக் கழற்றினார். உடனே அதை மறுபடி வைத்துக்கொண்டு, தன்னுடைய நடிப்பு எப்படி என்று கேட்டார்.

"நான் பேசறப்போ நல்லா கவனிச்சீங்க. அது பெரிய விஷயம்" என்றார் அவர். அந்தப் பாராட்டு மூன்று தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தது.

அடுத்த ஆண்டு சச்சிதானந்தன் 'நாடகப் பேரரசி' என்று பட்டமும் கேடயமும் செய்வித்து, முன்வரிசைக் கதிரைக்குப் பொன் நிறத் துணியும் தைப்பித்துக் கடிதம் அனுப்பினார். அம்மாவுக்கு வேறு வேலை இருக்கிறது என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். பக்கத்து ஊரான அஜக்ஸுக்குப் போய் வந்த மங்கையற்கரசிதான் அந்த வேலை என்னவென்று கண்டு வந்தாள். அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் யாரோ போட்ட நாடகத்தில், கோதாவரிபாய்க்கு வேலைக்காரி வேடம். வசனம் இரண்டே இரண்டு.

"அப்ப என்ன செய்தவ?" என்று கேட்டார் சச்சிதானந்தன்.

"மேடையைக் கூட்டினவ. சனம் வேற ஒருத்தரையும் பாக்கேல்லை."

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே புது நாடகம் எழுத உட்கார்ந்தார். தாய்க்குப் பக்கம் பக்கமாக வசனம் வைத்தார். முதற்காட்சியிலேயே அரசனைக் கொன்றும் விட்டார். ஆனால் அவன் ஆவியாக மூன்று காட்சிகளில் வந்து பேசுவதற்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.