மாற்று மெஷினுக்கு ஒரு கையெழுத்து

காலையில் எழுந்ததும் காது மெஷினை உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்ப்பாள் வெல்டரின் மனைவி. கீயென்று கத்தினால் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். ஒருநாள் அது கத்தவில்லை.

கம்பெனிக் கடையில் புதுசு வாங்கச் சொன்னார்கள். வாங்க வசதி இருந்தது. ஆனால் வெல்டருக்கு வீம்பு. விற்ற கம்பெனியே ரிப்பேர் செய்து தரவேண்டும் என்று சட்டம் வந்திருப்பதை மகள் சொல்லியிருந்தாள்.

"வித்தது நீங்க. சரி பண்ண வேண்டியதும் நீங்கதான். சட்டம் இருக்கு."

கவுன்டர் பெண் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினாள். "பார்ட்ஸ் வர நாளாகும் சார். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

தாள் நிறையப் பொடி எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனுஷனுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பட்டறையிலும் இப்படித்தான் கையெழுத்து வாங்கி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"கையெழுத்த வாங்கிட்டு கைய விரிப்பீங்க. போட மாட்டேன்."

"சார், இது எதுக்குன்னா..."

"ரசீது மட்டும் குடும்மா."

முதல் மாதம் மனைவி சிரித்தாள். "நீங்க திட்றது காதுல விழல. நிம்மதியா இருக்கேன்." அப்புறம் சிரிப்பு குறைந்தது. பக்கத்து வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"புதுசு ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்பா" என்றாள் மகள்.

"இப்ப வாங்கினா அவன் ஜெயிச்சிடுவான்."

ஐந்தாம் மாதம் மனைவிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன கேட்டாலும் தலையாட்டினாள். வெல்டர் குனிந்து, வாழ்நாளில் அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

சுற்றிலும் ஆட்கள். இரைந்து சொல்ல வெட்கம். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். மறுநாள் அவள் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ரிப்பேர் முடிந்ததென்று கடையிலிருந்து ஃபோன் வந்தது. மகளோடு போனார். அன்றைக்குக் கையெழுத்துப் போடாத தாள் இன்னும் மெஷின் கவரில்தான் இருந்தது. மகள் எடுத்துப் படித்தாள்.

"மாற்று மெஷின் பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்பா."

"ரிப்பேர் முடியற வரைக்கும் போட்டுக்க ஒண்ணு குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு சார்" என்றாள் கவுன்டர் பெண். "அன்னிக்கே அம்மாவுக்குன்னு எடுத்து வச்சேன். அவங்க வரலையா?"

மகள் சுவரைப் பார்த்தாள். மெஷினை வாங்கிக்கொண்டதற்கு இன்னொரு தாள் வந்தது. வெல்டர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் மெஷினை உள்ளங்கையில் வைத்து மூடினார். கீயென்றது.

"பெரியவரே, கையில என்னவோ கத்துதே" என்றார் முன் சீட்டுக்காரர்.

"நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார் வெல்டர். இறங்குகிற வரைக்கும் கையைத் திறக்கவில்லை.