செத்தவருக்குக் கொடுத்த அனுமதி

பட்டுக்கடை பரசுராம முதலியாரிடம் வேலைக்காரர் என்று ஒருவரும் கிடையாது. உற்சவத்தில் மாலை போட்டுக்கொண்டு பேசும்போது, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் எல்லாரும் தம் பிள்ளைகள் என்பார். வக்கீல் தேசிகன் எழுதிக் கொடுத்த பத்திரத்திலோ அவர்கள் 'அன்னப்பட்சி மார்க் சேலை நெய்ய அனுமதி பெற்ற சுதந்திரர்கள்'. அந்தச் சுதந்திரர்கள் வேறு கடைக்கு நெய்யக் கூடாது. அமாவாசைக்குக்கூடத் தறியை நிறுத்தக் கூடாது.

ஐப்பசி மழையில் அவர்களில் ஒருவரான உமாபதி காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியில் தண்ணீர் ஊறியது.

"உள்ள பாம்பு பூந்துக்கினு இருக்குதுபா. ரெண்டு நாள் பொறு" என்றார் உமாபதி.

"ஜமீன் கல்யாணச் சேலை. எறங்கு" என்றான் முதலியாரின் ஆள் கந்தன்.

இறங்கினார். பொழுது சாய்வதற்குள் பாம்பு தன் வேலையை முடித்தது.

காரியம் கழிந்ததும் அவர் மனைவி நீலாம்பாள் கடைக்குப் போனாள். வக்கீலும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"தறி ஓடினாத்தான் புள்ளைங்களுக்குக் கஞ்சி. இத்தினி வருசமா கூட ஒக்காந்து நெய்ஞ்சவதானே மொதலியாரே, இனிமே நானே நெய்றேன்."

முதலியார் வக்கீலைப் பார்த்தார்.

"அனுமதி உமாபதிக்குக் கொடுத்தது. ஆள் போனா அதுவும் போச்சு. தாலி மாதிரின்னு வெச்சுக்கோயேன்" என்றார் தேசிகன்.

"உங்க வேலையிலதானே சாமி செத்தாரு?"

"வேலையா? யார் கொடுத்தா? அவர் சுதந்திரர். தன் வீட்டுக் குழியில தன் இஷ்டத்துக்கு இறங்கினார்."

"பாம்பும் சுதந்திரந்தானா?"

தேசிகன் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். முதலியாருக்கு வேறு கவலை. ஜமீன் சேலை பாதியில் தறிமேல் கிடந்தது. நடுவில் கழற்றினால் பட்டு பாழ். அவளை நெய்ய விட்டாலோ, அனுமதி இல்லாதவள் நெய்த அன்னப்பட்சி போலிச்சரக்கு என்று அவரே பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார்.

"ஒண்ணும் பயமில்லே, முதலியார்வாள்" என்றார் தேசிகன். "தறியில ஏத்தின இந்தப் பாவு நூல் முடியறவரைக்கும் அனுமதி ஜீவிச்சிருக்கும். அதுவரைக்கும் உமாபதிதான் நெய்யறார். இவ கை ஒத்தாசை."

"பாவு முடிஞ்சா?"

"அப்புறம் அவர் காலமாயிடுவார்."

நீலாம்பாள் குழியில் இறங்கினாள்.

"பொட்டு வெச்சுக்கலாமா கூடாதான்னு வக்கீலைக் கேட்டியாமா?" என்றாள் பக்கத்து வீட்டு மணியம்மாள்.

நீலாம்பாள் மெதுவாக நெய்தாள். எவ்வளவு மெதுவாக நெய்தாலும் பாவு ஒருநாள் தீரத்தான் தீரும். தீர்ந்தது. சேலை 'நெய்தவர் உமாபதி' என்ற சீட்டோடு ஜமீனுக்குப் போனது.

அன்றே கந்தன் கத்திரியோடு வந்தான். சேலையில் உருவம் எழுப்புவது தறிக்கு மேலே தொங்கும் நூல்கட்டு. அதில்தான் அன்னமும் சேலைக்கரையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடந்தன. மார்க்கை எடுத்துவர வேண்டும் என்பது உத்தரவு.

"அன்னத்தை மட்டும் அவுத்துக் குடுத்துடறேன். கரையை உட்டுடுபா. வேற கடைக்கு நெய்ஞ்சு பொழைச்சுக்கறேன்."

"அதுக்கெல்லாம் நேரம் இல்லக்கா. மொதலியாரு காத்துக்கினு இருக்காரு."

மொத்தத்தையும் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனான். மறுபடி கட்ட அவளிடம் நூலும் இல்லை, ஆளும் இல்லை. தறிச்சட்டம் அந்த மாசமே அடுப்புக்குப் போயிற்று.

குழி மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் தவறி விழுந்துவிடப் போகிறார்களே என்று, ஓரிக்கைப் பக்கம் போய்ப் பாலாற்று மணலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து நீலாம்பாள் அதைத் தூர்த்தாள்.