கார்டு கொடுக்காத வீடு

1

ஓர் அறிக்கையில் இடம் கிடைக்காத வரியிலிருந்து இந்தக் கதை பிறந்தது. இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. எங்கள் கேகாலைப் பக்கத்திலிருந்தும் சிலர் எழுதுகிறார்கள். அவர்களைப் பயிலரங்குக்கு அழைத்தால் அதன்பிறகு கூடுதலாக எழுதுவார்களா என்று அளந்து சொல்வது என் வேலை.

அளக்க ஒரு முறை உண்டு. பெயர்களைக் குலுக்கிப் பாதிப் பேரை அழைக்க வேண்டும். மீதிப் பேரை வேண்டுமென்றே விட்டுவிட வேண்டும். பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும்.

[விடப்பட்டவர்களுக்கு 'ஒப்பீட்டுக் குழு' என்று பெயர். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "றப்பர்த் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தபோது பிரதாப் கையில் அழைப்புக் கார்டுகளோடு லயத்தை நோக்கி…"

அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை. பிரதாப் என்று ஒருவரும் இல்லை. நடந்து போனது நான்தான். வெட்கப்பட வேண்டிய இடம் வந்தால் நமக்குப் பதிலாக ஓர் ஆளை உண்டாக்கி அனுப்பும் வசதி எழுதுகிறவனுக்கு இருக்கிறது. நான் அந்த ஆளுக்கு மீசைகூட வைத்துவிட்டேன்.

3

கார்டு யோசனை நஜீபுடையது. என்னோடு வேலை செய்பவர், ருவான்வெல்லைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர். திட்டத்தில் இருந்தது கைபேசிச் செய்தி மட்டும்.

"மெசேஜ் அனுப்பினா யாரு வருவாங்க? வீட்டுக்குப் போய்க் கையில குடுத்தாத்தான் கூப்பிட்ட மாதிரி," என்றார்.

அவர் சொன்னது சரி. கோளாறும் அங்கேதான் தொடங்கியது. செய்தி என்றால் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று வெளியே தெரியாது. கார்டோடு லயத்துக்குள் போனால் எல்லோருக்கும் தெரியும். அங்கே தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே வரிசை. கடைசி வீட்டில் கேஷானி, அதற்கு முந்திய வீட்டில் டிலானி. இருவரும் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள். குலுக்கலில் கேஷானி அழைக்கும் பக்கம் விழுந்தாள், டிலானி விடும் பக்கம்.

ஒரு வீட்டுக்குக் கார்டு கொடுத்துப் பக்கத்து வீட்டை விட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. நானும் இந்த ஊர்க்காரன்தான்.

4

(இந்த இடத்தில் டிலானியை மெலிந்தவளாக, பெரிய கண்களோடு வர்ணித்த பத்தி ஒன்று இருந்தது. உங்கள் இரக்கத்தைப் பிடுங்க எழுதியது. எடுத்துவிட்டேன்.)

டிலானி கரவனெல்லையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். கலைக்களஞ்சியத்தில் நான் ஓர் ஆற்றின் பெயரைப் பிழையாக எழுதியபோது எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்து என்னைக் கிண்டல் செய்தவள். எங்கள் தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும், நாங்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். அந்தத் தமிழ்ப் பெயர்களைத் தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் விட்டால் அதை எழுத வேறு ஆள் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் கார்டுகளோடு வருவதைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்து வாசலில் போட்டாள்.

"வாங்க சேர், உக்காருங்க. அம்மா, சேர் வந்திருக்காங்க, தேத்தண்ணி போடுங்க!"

"இல்லம்மா, கொஞ்சம் அவசரம்," என்றேன்.

[இங்கே 'ஒரு கணம் தயங்கினேன்' என்று எழுதியிருந்தேன். பொய். முறைப்படி செய்கிறோம் என்ற நிம்மதியில் வேகமாகவே நடந்தேன்.]

அடுத்த வாசலில் கேஷானியின் கையில் கார்டைக் கொடுத்தேன். திரும்பவும் அதே வழியாகத்தான் வர வேண்டும். நாற்காலி அங்கேயே இருந்தது. டிலானி உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா தேத்தண்ணியோடு நின்றார்.

"எங்க புள்ள ஏதும் தப்பா எழுதிருச்சுங்களா, சேர்?"

"அப்படியெல்லாம் ஒன்னும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

5

பயிலரங்கு நன்றாக நடந்தது. சில மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாங்கள் அழைத்தவர்கள் அழைக்காதவர்களைவிட இரண்டு மடங்கு எழுதியிருந்தார்கள். அழைப்பு வேலை செய்கிறது என்று மேலிடத்தில் மகிழ்ச்சி.

நஜீப்தான் பயிலரங்குக்கு முந்திய மாதங்களையும் எடுத்துப் பார்த்தார். அழைத்தவர்கள் முன்பு எழுதிய அளவுதான் இப்போதும் எழுதியிருந்தார்கள். அழைக்காதவர்களில் பலர் நிறுத்தியிருந்தார்கள். டிலானியின் கடைசிக் கட்டுரை பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது.

"நாம இந்தப் பக்கம் ஒன்னும் கூட்டல. அந்தப் பக்கத்த கொறைச்சிருக்கோம்," என்றார் நஜீப்.

அறிக்கையில் இடம் கிடைக்காத வரி அதுதான். சந்தேகம் என்றால் இன்னொரு பயிலரங்கு வைத்து இன்னொரு முறை குலுக்கிப் பாருங்கள் என்றது மேலிடம். நான் தலையாட்டினேன். குலுக்கினோம்.

6

முடிவு அ: டிலானி தானாகவே கோபம் ஆறி, பாதியில் நின்ற கட்டுரையை முடிக்கிறாள். (எனக்கு வசதியான முடிவு. நம்பாதீர்கள்.)

முடிவு ஆ: நான் லயத்துக்குப் போய், அக்கம்பக்கம் எல்லோரும் பார்க்க அவளுடைய அம்மாவிடம் மன்னிப்பு… (எழுத வருகிறது. செய்ய வரவில்லை.)

7

நடந்தது இது. போன கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். குலுக்கியதைப் பற்றி எல்லாம் சொன்னேன். உங்கள்மேல் யாருக்கும் ஒன்றுமில்லை, சீட்டு அப்படி விழுந்துவிட்டது என்றேன்.

"சீட்டா?" என்றாள் டிலானி. "அம்மா இன்னும் நான் என்னமோ செஞ்சிட்டேன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. லயத்துல கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லி முடியல."

"அடுத்த பயிலரங்குக்கு நீங்க கட்டாயம் வரணும்," என்று கார்டை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்ப கூப்பிடுறது நான் வரணும்னுங்களா? இல்ல, கூப்பிட்டா எழுதுறேனான்னு பாக்கவா?"

நீங்கள் வர வேண்டும் என்றுதான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வகையில் அது உண்மையும்கூட. ஆனால் இந்த முறை அவள் பெயர் அழைக்கும் பக்கம் விழுந்திருந்தது. விழாமல் இருந்திருந்தால் நான் அந்தக் கடைக்குப் போயிருக்கமாட்டேன்.

"சொல்லுங்க சேர், ஆள் நிக்குது," என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை இதற்குக் கீழே எழுதி எழுதி அழித்துவிட்டேன். எதை எழுதினாலும் என்னை நல்லவனாகக் காட்டுகிறது. நீங்கள் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவள் எதையும் தேடிப் படிப்பாள். இதையும் படிப்பாள்.