கட்லெட்டை யாரும் தொடவில்லை

மணப்பாட்டில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? கிளமென்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாமா தொம்மையின் வள்ளத்தில் மூன்று முறை போனான். மூன்று முறையும் குடலே வெளியே வந்துவிடும் அளவுக்கு வாந்தி எடுத்தான். மாமா பொறுமைசாலிதான். ஆனால் வலை இழுக்க அவருக்கும் ஆள் வேண்டுமே! "திங்கக்கெழமைக்குள்ள கரையில ஒரு வேலயத் தேடிக்கிடு. இல்லன்னா பேசாம வள்ளத்துல ஏறுலே" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் 'சட்டுபுட்டு டிபன்' திறக்கப் போகிறார்கள். சென்னையில் ஒன்பது கிளை உள்ள கடை. கவுண்டரில் டோக்கன் வாங்கி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பிட வேண்டும். 1997-இல் அந்த ஊருக்கு இது புதுசு. கவுண்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிளமென்ட் விடிகாலையிலேயே பஸ் ஏறி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்து சேர்ந்தான்.

சென்னையிலிருந்து வந்திருந்த மேனேஜர் சபேசன் நல்ல மனிதர். ஊர், படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளினார். சுடச்சுட இரண்டு கட்லெட்.

"சாப்பிட்டுப் பாத்து, எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

கிளமென்டுக்கு வாய் ஊறியது. "இருக்கட்டும் சார், இப்பந்தான் சாப்ட்டேன்" என்றான்.

சபேசன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவனுக்குப் பகீரென்றது. இதென்ன மனுஷன், வேண்டாம் என்றால் அப்படியே எடுத்துக்கொள்வதா?

"காலையிலேர்ந்து பதினோரு பேர். ஒருத்தர்கூட வாயில வைக்கல" என்றார் சபேசன். குரலில் நிஜமான வருத்தம். "எங்க பண்டத்தைத் தொடவே மாட்டேங்கறவங்க அதை எப்படி விப்பீங்க? போயிட்டு வாங்க."

வாசலில், அவனுக்கு முன்னால் உள்ளே போய் வந்த முக்கூடல்காரி வேணி, இன்னும் நாலு பேரோடு நின்றிருந்தாள்.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டான்.

"எப்படிச் சாப்பிட? ஒருக்காதான கேட்டாரு!" வேணி படபடத்தாள். "பசியில உசுரு போவுது."

கிளமென்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே மாமாவின் வள்ளம் ஞாபகம் வந்தது. வெட்கத்தை விட்டு மறுபடி உள்ளே நுழைந்தான்.

"சார், நாங்க யாரும் சாப்பிடல. பொய் சொன்னோம்."

"அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க?"

"ஒருக்கா கேட்டா அப்படித்தான் சார் சொல்லணும். கேட்ட ஒடன கைய நீட்டுனா, வீட்டுல சோறு போடாமலா வளத்தாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? நீங்க மறுபடியும் கேக்கணும். மூணாவது தடவ கொஞ்சம் கோவப்படணும். அப்பந்தான் சாப்பிடுவோம். கடைக்கு வாரவங்களும் இப்படித்தான் சார் இருப்பாங்க."

"வேற என்ன வேணும்னு ஒரு தடவைதான் கேக்கணும். அது எங்க ரூல்."

"அப்பிடின்னா காப்பி மட்டுந்தான் சார் விக்கும்."

சபேசன் எழுந்து கவுண்டருக்கு முன்னால் போய் நின்றார். "நான்தான் கஸ்டமர். ஒரு காபி."

கிளமென்ட் கவுண்டருக்குள் புகுந்தான். "வாங்க அண்ணாச்சி. கூட ரெண்டு கட்லெட் வைக்கட்டா?"

"வேண்டாம்ப்பா."

"சூடா இருக்கு அண்ணாச்சி."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"எந்தக் காலத்துல சாப்ட்டீங்க? மொகத்தப் பாத்தாத் தெரியாதாக்கும்? பேசாமத் தின்னுட்டுப் போங்க!"

சபேசனின் கை தன்னை அறியாமல் காசெடுக்கச் சட்டைப் பைக்குள் போயிற்று. அதைப் பார்த்து அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

வாசலில் இன்னும் போகாமல் நின்ற ஐந்து பேரையும் உள்ளே கூப்பிட்டார். தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய் மூன்று முறை கேட்டார். கோபம் மட்டும் அவருக்குச் சரியாக வரவில்லை. வேணிதான் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு கட்லெட்டையும் தின்று முடித்துவிட்டு, உப்பு பத்தாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அங்கேயே அவளுக்கு வேலை உறுதியாயிற்று.

பிறகு சபேசன், வாய் நிறையக் கட்லெட்டோடு நின்ற கிளமென்டிடம் வந்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, புதிதாகக் கற்ற வழக்கப்படி இரண்டாவது தடவை கேட்பதற்கு மூச்சை இழுத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் "வாரேன் சார்!" என்று கிளமென்ட் கத்தியே விட்டான்.