கோர்னா லிப்பா தபால் நிலையத்தின் இறப்பு அறிவிப்பு

கோர்னா லிப்பா தபால் நிலையம் 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் தரையைவிட்டு நான்கு விரற்கடை மேலே எழுந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், உருளைக்கிழங்கு நல்ல விலைக்குப் போனது. ஓய்வூதியம் வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் வாசலில் தடுக்கி விழுந்தார்கள். மூன்றாவது ஆள் எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து படியாகப் போட்டார். அதோடு விஷயம் முடிந்தது. காரணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1897இல் அந்தக் கட்டடத்தைக் கட்டிய கொத்தனார் அடித்தளம் என்று ஒன்றும் பெரிதாகப் போடவில்லை. உள்ளே இருந்த கடிதங்களின் கனத்தில்தான் அது அத்தனை காலமும் உட்கார்ந்திருந்தது. போர்க்காலத்தில் சிப்பாய்களின் கடிதங்கள் குவிந்தபோது ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியதாகக்கூடப் பழைய பதிவேட்டில் எழுதியிருக்கிறது. பிறகு வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்தது, கைப்பேசி வந்தது, எழுதுகிற பழக்கம் போனது. 2012இல் கட்டடம் முழங்கால் உயரத்தில் நின்றது. கோழிகள் அதன் அடியில் போய் முட்டையிட்டன.

அங்கே நாற்பத்தாறு வருடமாக வேலையில் இருந்தவள் நெவ்யானா. ஓய்வு வயது தாண்டியும் மாற்று ஆள் வராததால் அவளே கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தம்பி ஸ்தொயில் 1968இல் கிரேக்க எல்லையைத் தாண்டி ஓடிப்போனவன். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஆறு வருடம் கழித்து அவர்கள் பிறந்த வீடு அணைக்கட்டின் தண்ணீருக்குள் போயிற்று. ஆகவே ஸ்தொயிலுக்குத் தெரிந்த முகவரிகளில் மிச்சம் இருந்தது தபால் நிலையம் ஒன்றுதான். அவள் ஏன் அவனுக்காக ஒரு கடிதம் எழுதி வைக்கக்கூடாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: சொல்லாமல் போனவன் அவன், அவன்தான் முதலில் எழுத வேண்டும். பிடிவாதத்தில் எங்கள் ஊர்க் கழுதைகள் அவளிடம் பாடம் கேட்க வேண்டும்.

2012 இலையுதிர் காலத்தில் மாவட்டத் தலைநகரிலிருந்து வெல்சேவ் என்ற இன்ஜினியர் வந்தார். நிலத்தைத் தொடாதது சட்டப்படி கட்டடமே ஆகாது, வெறும் ஆபத்து என்று எழுதினார். நாற்பது நாளில் இடிக்க உத்தரவு. தபால் வேலை பக்கத்து ஊர் மளிகைக்கடைக்குப் போய்விடும். உத்தரவைக் கதவில் ஒட்ட வேண்டும் என்பது விதி. நகராட்சியின் அச்சு இயந்திரம் பழுதாகியிருந்தது, அதனால் வேலை திங்கோவின் அச்சகத்துக்குப் போனது. திங்கோ இருபது வருடமாக இறப்பு அறிவிப்பைத் தவிர வேறெதையும் அச்சடித்ததில்லை. எங்கள் பக்கம் யார் செத்தாலும் கறுப்புக் கட்டம் போட்ட தாளில் படத்தோடு கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளும் அரையாண்டும் வருடமும் வந்தால் மறுபடி ஒட்டுவோம். திங்கோவின் கை பழக்கத்தில் உத்தரவைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டது, மூலையில் சிலுவை வைத்தது, நடுவில் கட்டடத்தின் படத்தை வைத்து, கீழே “1897 – 2012” என்று முடித்தது. நகராட்சி ஊழியன் அதைப் படிக்காமல் ஒட்டிவிட்டுப் போனான்.

மதியத்துக்குள் பெண்கள், துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல, வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரோ பலகைமேல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். நெவ்யானா வெளியே வந்து அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். திங்கோ தலையைச் சொறிந்தபடி ஓடி வந்தான்.

“அக்கா, தப்பு என்மேலதான். கை பழகிப்போச்சு. கிழிச்சிட்டு வேற அடிச்சுத் தரேன்.”

“கிழிச்சுப் பாரு, அடுத்த நோட்டீஸ் உனக்குத்தான். இன்னும் இருநூறு தாள் அடிச்சுக் குடு. கீழ ஒரு வரி சேத்துக்க: துக்கம் விசாரிக்கறவங்க கடிதம் போடவும், முகவரி மாறலைன்னு.”

மேயர் பானயோத் வந்து சத்தம் போட்டார். அவருடைய அம்மாவே கோதுமைத் தட்டோடு வரிசையில் நின்றிருந்ததால் அந்தச் சத்தத்தில் அவ்வளவு வலு இல்லை.

“கட்டடத்துக்குக் கருமாதி பண்ற ஊர் உலகத்துலயே இது ஒண்ணுதான், நெவ்யானா.”

“தேதி குறிச்சது நீங்க. நாங்க அழுதுட்டுப் போறோம். உங்களுக்கென்ன?”

இறந்தவரின் வீட்டில் நாற்பது நாள் யாரும் கைவைக்கக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். போய்விட்டார்.

அறிவிப்பின் படம் ஊரைவிட்டுப் போனவர்களின் கைப்பேசிகளுக்கெல்லாம் போனது. மூன்றாம் வாரம் கடிதங்கள் வரத் தொடங்கின. வலென்சியாவிலிருந்து, சிகாகோவிலிருந்து, தலைநகர் சோபியாவின் அடுக்குமாடிகளிலிருந்து. பின்சுவரில் சிறுநீர் கழித்ததற்கு ஒருவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். 1958இல் பக்கத்து வீட்டுக் கடிதத்தை ஆவியில் காட்டிப் பிரித்ததை ஒரு பெண்மணி ஒப்புக்கொண்டிருந்தார். எல்லாம் தபால் நிலையத்தின் பெயருக்கே வந்தவை. அவற்றை எடுத்துப்போய்ப் பட்டுவாடா செய்ய வேறு இடம் கிடையாது. நெவ்யானா ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திக் கவுண்டருக்குப் பின்னாலிருந்த அலமாரியின் சிற்றறைகளில் அடுக்கினாள். கட்டடம் வாரம் ஒரு சாண் இறங்கியது. கோழிகள் வெளியேறின. முப்பத்தெட்டாம் நாள் தாள் ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி மிஞ்சியது, அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த நாள் தபால் வண்டியில் ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் வெல்சேவ் வருவார்.

அன்று பிற்பகல் நெவ்யானா கவுண்டரை மூடினாள். நாற்பத்தாறு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் மூடியது அந்த ஒரு முறைதான். வெளியே பலகையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் எழுதிக்கொண்டிருந்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி எழுதினாள். முடித்து உறையில் போட்டு, ஸ்தொயிலின் பெயர் எழுதி, தபால்தலை ஒட்டி, அலமாரியில் நேரில் வந்து வாங்குவோருக்கான சிற்றறையில் வைத்தாள். ஒரே தாள்தான். ஆனால் நாற்பத்துநான்கு வருடத்துக் கடிதம் அது. தட்டில் கரண்டி வைத்தது போன்ற சத்தத்தோடு கட்டடம் தரையில் உட்கார்ந்தது. எங்களில் சிலர் அழுதோம், அதை ஒளிப்பதற்கில்லை. அவள் கதவைத் திறந்து, என்ன வேடிக்கை என்று எங்களை விரட்டினாள்.

மறுநாள் வெல்சேவ் மண்டியிட்டு நான்கு மூலையிலும் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. ஐந்தாவது முறை தாள் கிழிந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு உத்தரவை ரத்து செய்தார், ஒரு கை கோதுமையும் சாப்பிட்டார். அடுத்த வருடம் அந்தக் கட்டடம் பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் திங்கோ ஒவ்வொரு வருடமும் அறிவிப்பு அடிக்கிறான், நாங்கள் கோதுமை கொண்டுபோகிறோம், கடிதங்கள் வருகின்றன.

ஸ்தொயில் இன்னும் வரவில்லை. வாங்க ஆள் வராத கடிதத்தை ஒரு மாதத்துக்குப் பிறகு அனுப்பியவருக்குத் திருப்ப வேண்டும் என்பது தபால் விதி. விதியை நெவ்யானா மீறமாட்டாள். மாதம் ஒரு முறை அந்தக் கடிதத்தை அறையிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போட்டுத் தானே பெற்றுக்கொள்வாள். அப்போது கட்டடம் ஒரு விரற்கடை எழும். வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தாமல் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் புதுத் தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தி, அறையில் திரும்ப வைப்பாள். கட்டடம் இறங்கும். அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.